பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

மாலை ஆறரை மணி. மரக்காணம் பக்கம் ஒரு காலனி. மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார் அந்தத் தாய். சேலையில் ஒட்டிய மண்ணைக்கூட இன்னும் உதறவில்லை. மூன்றரை வயது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தாய் செல்போனை எடுத்து, ஒரு வீடியோவைத் தட்டிவிட்டு, குழந்தையின் கையில் கொடுத்தார். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது. தாய் அடுப்படிக்குப் போனார்.

"என்ன பண்றதுண்ணா, போனைக் குடுத்தாத்தான் ஒலை வைக்க முடியுது. படிக்கிற வீடியோதான் போட்டுக் குடுக்குறேன். கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லும், கேட்டுப் பாருங்க" என்றார் உள்ளிருந்தபடியே. குரலில் பெருமை இருந்தது.

கேட்டோம். திரையில் பலூன் வந்ததும் "ரெட்", "புளூ", "எல்லோ" என்று குழந்தை தடையில்லாமல் சொன்னது. வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைக் காட்டி, "பாப்பா, இந்தப் பூ என்ன கலர்?" என்று கேட்டோம். பூவைப் பார்த்தது. நம்மைப் பார்த்தது. மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டது. கொடியில் கிடந்த சிவப்புச் சேலையைக் காட்டினோம். அதற்கும் பதில் இல்லை.

அந்தக் குழந்தைக்கு 'ரெட்' என்ற சத்தம் தெரிந்திருக்கிறது; சிவப்பு தெரியவில்லை. சத்தத்தையும் பூவையும் சேர்த்து வைக்க அங்கே ஓர் ஆள் இல்லை. இந்த வாரம் அந்த ஆளைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

தாயைக் குற்றம் சொல்வதற்கு முன்

"குழந்தையிடம் போன் கொடுத்ததே தப்பு" என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டில் பொம்மை இருக்கும், படப் புத்தகம் இருக்கும், தெருமுனையில் பூங்கா இருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருக்கும். நம் தாய்மார்கள் விடிந்ததும் கழனிக்கும் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் கிளம்புகிறவர்கள். பல கிராமங்களில் அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறது. காலனியிலிருந்து மூன்று வயதுக் குழந்தை தனியாக நடந்துபோகிற தூரத்தில் இல்லை. அனுப்பினாலும் மதியத்துக்கு மேல் பிள்ளை வீட்டுக்குத்தான் வரவேண்டும். வீட்டில் ஆயா இருந்தால் ஆயா, அக்கா இருந்தால் அக்கா, யாரும் இல்லையென்றால் செல்போன்.

வேலை முடித்து வந்த உடம்போடு அடுப்பும் பற்ற வைத்து, பிள்ளைக்கு விளையாட்டும் காட்ட ஒரு தாயால் முடியாது. அவர் போனைக் கொடுக்கிறார். அதிலும் பாட்டு, சண்டை என்று இல்லாமல் 'படிக்கிற வீடியோ'வைத் தேடிப் போட்டுக் கொடுக்கிறார் என்றால், தன்னைப் போல் பிள்ளை மண் கிளறக் கூடாது என்ற ஆசைதான். அந்த ஆசையை மதித்துத்தான் இதைப் பேச வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் பொது என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போடுகிற நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். உள்ளே வராதே என்று யாரும் பலகை மாட்டவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஜன்னலில் கூட்டம் கூடினால் "காத்து வரல, தள்ளி நில்லுங்கடா" என்று ஒரு குரல் வரும். தள்ளி நிற்போம்.

2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த பிறகுதான் நம் தெருவில் பல வீடுகளுக்குச் சொந்தமாக ஒரு திரை வந்தது. அன்று நம் பெரியவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து படம் பார்த்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே, திரை என்றாலே கேடு என்று சொல்கிறவர்களோடு நம்மால் சேர முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்குத் திரையின் அருமை தெரியும்.

ஆனால் திரை வந்துவிட்டாலே கல்வி வந்துவிடும் என்கிறவர்களோடும் சேர முடியாது. அதைக் கொரோனா காலம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில், கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் க்யூஆர் குறியீடும் அச்சாகியிருந்தது. எல்லாம் இருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அப்பாவோடு சென்னைக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. போன் இருந்த வீட்டில் ரீசார்ஜ் இல்லை. டிவி இருந்த வீட்டில், ஓடுகிற பாடத்தை நிறுத்தி "இது புரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்க ஆள் இல்லை. ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது 'அ' எழுதத் திணறியதை நம் இரவுப் பாடசாலையில் நேரில் பார்த்தோம்.

2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். அந்தத் திட்டம் நம் தெருக்களில் எடுபட்டதற்குக் காரணம் எளியது. அதே தெருவில் படித்த ஒரு தங்கை, சாயங்காலம் பாயை விரித்து, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரை பதில் கேட்காது

இது நம் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசுகிற ஆள் எதிரில் உட்கார்ந்து, பொம்மை காட்டிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சை வீடியோவாகக் காட்டினார்கள். ஆள் எதிரில் இருந்த குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. காட்டியது ஒன்றுதான். ஆனால் வீடியோ குழந்தையின் கண்ணைப் பார்க்காது, அது சிரித்தால் திரும்பச் சிரிக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன வழிகாட்டுதலும் இதோடு ஒத்துப்போகிறது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் 'கூட இருக்க வேண்டும்' என்பதை நம் தெருவுக்கு யாரும் வந்து சொல்வதில்லை.

மிசிசிப்பியில் நடந்தது

ஏழைப் பிள்ளைகளுக்காகத் திரையைப் பயன்படுத்திய பெரிய முயற்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1969 நவம்பர் 10-ல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் தெரிந்துகொண்டு பள்ளிக்கு வருகிறார்கள், கறுப்பின மக்களின் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் முதல் நாளே பின்தங்கிவிடுகிறார்கள், அந்த இடைவெளியைக் குறைக்கலாம் என்பதுதான் நோக்கம். நிகழ்ச்சியில் வருகிற தெருவில் கறுப்பின ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள், பாடினார்கள்.

1970-ல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப மாட்டோம் என்று முடிவெடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நடித்ததுதான் காரணம். செய்தி வெளியே வந்து நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு, மூன்று வாரத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். குழந்தை 'ஏ, பி, சி' படிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து படிப்பது என்பதுதான் பிரச்சினை. ஊராட்சி ஜன்னலுக்கு வெளியே நின்ற நமக்கு இது விளங்காததில்லை. சதாராவில் பள்ளி மாணவராக இருந்த அண்ணல் அம்பேத்கர் வகுப்பில் தனியே சாக்கின் மேல் உட்கார்ந்த கதையும் இதுதான்.

அந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் இன்னொன்றையும் யோசித்திருந்தார்கள். பெரியவர்களுக்குப் பிடித்த நடிகர்களையும் பாடகர்களையும் நகைச்சுவையையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள். தாயும் தகப்பனும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. முதலாண்டு முடிவில் செய்த மதிப்பீட்டில், தாய் கூட உட்கார்ந்து பார்த்து அதைப் பற்றிப் பேசிய வீடுகளில் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றிருந்தது தெரிந்தது.

நத்தை வந்த நாள்

"எனக்கு எழுத்தே தெரியாதே தம்பி, நான் பக்கத்துல குந்தி என்னாத்த சொல்லிக் குடுக்குறது?" என்று நம் பாடசாலைக்கு வந்த ஓர் ஆயா கேட்டார். பேத்திகளைக் கூட்டிப்போக வந்தவரை வம்பாக உட்கார வைத்திருந்தோம். அன்று மழைக்கால உயிரினங்களைப் பற்றி ஒரு வீடியோ. திரையில் ஒரு நத்தை மெல்ல ஊர்ந்து வந்தது. நான்கு வயதுச் சின்னவள் துள்ளிக் குதித்து, "எங்க ஆயா இத வறுத்துத் தரும்!" என்றாள்.

ஒன்பது வயது அக்கா சட்டென்று தங்கையின் வாயைப் பொத்தினாள். "பள்ளிக்கூடத்துல சொல்லிடாத" என்றாள் மெதுவாக.

நாம் வீடியோவை நிறுத்தினோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாட்டை மறைக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பாடத்திலும் அது இல்லை. ஆனால் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த வீடியோவை அவள் தனியாகப் பார்த்திருந்தால், அந்த வெட்கம் அவளோடேயே இருந்திருக்கும். தங்கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆயா தொடங்கினார். "ஏன் சொன்னா என்னாடி? திருடியா தின்னோம்?" என்று ஆரம்பித்து, மழை விட்டதும் எந்த வரப்பில் நத்தை கிடைக்கும், எப்படி வெந்நீரில் போட்டு ஊசியால் சதையை எடுப்பது, எத்தனை தண்ணீர் அலச வேண்டும், சின்ன வெங்காயமும் மிளகும் எவ்வளவு என்று அரை மணி நேரம் சொன்னார். வயல் நண்டின் வளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னார். இருபது பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். வாயைப் பொத்திய அந்த அக்காதான் கடைசியில், "ஆயா, நத்தைக்கு எத்தினி கொம்பு?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்லலாம் என்று வீடியோவை மறுபடி ஓட்டினோம். எண்ணினார்கள். நான்கு.

இன்னொரு நாள் திரையில் 'வேர்க்கடலை' என்று வந்தது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "அட, நம்ம மல்லாட்டைடா" என்றார் ஒரு தாய். அந்த ஒரு வார்த்தையில், பிள்ளைகள் அறிந்த கழனியும் புத்தகத்துச் சொல்லும் ஒட்டிக்கொண்டன. இதைச் செய்ய அந்தத் தாய்க்கு எழுத்து தேவைப்படவில்லை.

கதையில் யார் கறுப்பு?

கூட உட்கார வேண்டியதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. குழந்தைகளுக்கான கார்ட்டூன் கதைகளில் எத்தனையோ நல்லவை இருக்கின்றன. ஆனால் பலவற்றில் நல்ல பிள்ளை வெளுப்பாக இருக்கிறது, பூதமும் திருடனும் கறுப்பாக இருக்கின்றன. மாடி வீடுதான் வீடு. நம் வீடு போன்ற வீடு வந்தால் அங்கே ஒரு 'பாவப்பட்ட ஏழை' இருப்பார். குழந்தை இதைக் கேள்வி கேட்காது, வாங்கிக்கொள்ளும். "ஏன் பாப்பா, இந்தப் பூதம் கறுப்பா இருக்கு? நம்ம தாத்தாவும் கறுப்புதானே, தாத்தா பூதமா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டுப் பாருங்கள், குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்.

இரண்டாவது காரணம் சிரிக்கக் கூடியதில்லை. வீட்டில் ஒரே போன். அண்ணன் பார்ப்பதும் தம்பி பார்ப்பதும் அதில்தான். 'அ, ஆ' பாட்டு முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும். ஐந்து வயதுப் பையன் ஒருவன் நம் தெருவிலேயே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான். அரிவாளும் மீசையும் காட்டி, பரம்பரைப் பெருமை பேசுகிற சாதிப் பாட்டு. அந்தப் பாட்டில் வருகிற மிரட்டல் யாரை நோக்கியது என்று அவனுக்குத் தெரியாது. மெட்டு பிடித்திருந்தது, பாடினான்.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை

இரவுப் பாடசாலையில் சில வருடமாக நாங்கள் பழகிய முறையைச் சொல்கிறோம். வீட்டிலும் செய்யலாம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். என்ன காட்டப்போகிறோம் என்பதை முதலில் பெரியவர் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் வைஃபை கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, காட்டும்போது நெட்டை அணைத்துவிடலாம். தானாக அடுத்தது ஓடாது, விளம்பரம் வராது, ரீசார்ஜும் மிச்சம்.

போனைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், ஒரு டப்பா மேல் சாய்த்து வைத்து எல்லோரும் அரைவட்டமாக உட்காருங்கள். கையில் கொடுத்தால் மூத்த பையன்தான் பிடித்துக்கொள்வான். தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் பெண்பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். ஊர் நம்மை ஜன்னலில் நிறுத்தியது போல, நம் வீட்டிலேயே நம் பெண்பிள்ளையை நிறுத்தக் கூடாது.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். "இப்ப என்ன நடக்கும்?" "இத நீ எங்க பாத்த?" "இது சரியா?" விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, குழந்தை பேச வேண்டும். முடிந்ததும் எழுந்து வெளியே போய், திரையில் பார்த்த ஒன்றை நேரில் தொட்டுக் காட்டுங்கள். சிவப்பு என்றால் செம்பருத்தி. வட்டம் என்றால் தோசைக்கல். மூன்று என்றால் மூன்று கூழாங்கல்.

சமைக்கிற நேரத்தில் போன் கொடுக்காமல் முடியாது என்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறோம். அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படாத தூரத்தில், பிள்ளையை உட்கார வையுங்கள். சத்தம் உங்கள் காதில் விழட்டும். வெங்காயம் உரித்தபடியே, "ரெட்டுன்னு சொல்லுதே, இந்தத் தக்காளி என்ன கலரு?" என்று ஒரு குரல் கொடுங்கள். அதுவும் பக்கத்தில் உட்காருவதுதான்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இதையெல்லாம் தாயின் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. காலனிப் பிள்ளைகள் நடந்துபோகிற தூரத்தில் அங்கன்வாடி வேண்டும். அதில் பொம்மையும் படப் புத்தகமும் ஒரு தொலைக்காட்சியும், அதற்குப் பக்கத்தில் உட்கார நேரமுள்ள ஒரு பணியாளரும் வேண்டும். பதிவேடு எழுதவே ஊழியரின் பொழுது போய்விட்டால் பிள்ளையோடு எப்போது பேசுவது? தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் திரை வாங்குகிறபோது, அதைப் பயன்படுத்தக் கூடிய ஆசிரியரையும் நியமிக்க வேண்டும். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்கள், நாம் போய்ப் பார்த்த சில இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. நம் தெருவின் சமுதாயக் கூடமும் விசேஷ நாளில்தான் திறக்கிறது. மாலை இரண்டு மணி நேரம் அவற்றைத் திறந்துவிட்டால் போதும், பாயை நாங்கள் கொண்டுவருகிறோம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நம் தெருவில் பட்டம் முடித்த தம்பி தங்கைகள் எத்தனையோ பேர். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள். நமக்கு முன்னால் படித்த யாரோ ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் நாமும் இதை எழுதுகிறோம்.

மரக்காணம் பக்கத்துக் காலனிக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி போயிருந்தோம். அதே மாலை நேரம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போன் அடுப்படிச் சுவரில் ஒரு எண்ணெய் டின் மேல் சாய்ந்திருந்தது. தாய் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார். குழந்தை திரையைப் பார்த்து "ரெட்" என்றது. பிறகு திரும்பி, தாயின் கையிலிருந்த மிளகாயைப் பார்த்து, "அம்மா, இதுவும் செவப்பு" என்றது.

"ஆமாண்டி, தொட்டுடாத, எரியும்" என்றார் தாய்.